ரோஸ்டர் அக்காவும் கல்யாணம் செய்துகொண்ட பாடகரும்

சிட்னித் தமிழர்கள் எல்லோரும் ஒரு வருடத்தில் படும் கோபத்தை ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும், ரோஸ்டர் அக்கா ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படும் கோபத்துக்குப் பக்கத்தில் வராது. அதில் ஒரு துளிகூடத் தனக்காகப் பட்டதில்லை. பதவி உயர்வை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தபோது "போகட்டும், அவளும் பிள்ளைகுட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தவர் அவர். அவ்வளவு கோபமும் ஒரே ஆளுக்காக. அந்த ஆள் கொரியாவில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சுகளுக்கு யார் காலை, யார் மாலை, யாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ரோஸ்டர் போடுவது அக்காவின் வேலை. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சாபி நர்சும் பிலிப்பினோ நர்சும்கூட அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். தன்னைவிட இளைய ஆண்களை எல்லாம் 'தம்பி' என்பார், என்னைத் தவிர. நான் திருச்சிக்காரன் என்பதால் எனக்கு 'இந்தியாக்காரர்' என்ற பட்டம். எட்டு வருடம் அந்தப் பட்டத்தோடு குப்பை கொட்டினேன்.

அந்தப் பாடகரை மட்டும் 'எங்கட தம்பி' என்பார். இதனால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன அக்கா என்று கேட்டேன்.

"தம்பி ஆமிக்குப் போட்டான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தம்பி ஆமிக்குப் போய்விட்டான். போர் எல்லாம் முடிந்து இத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு தம்பியா? என்ன சொல்லி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், குரலைத் தாழ்த்தி, "எந்த ஆர்மிக்கா?" என்றேன்.

"எந்த ஆமியோ? கொரியன் ஆமி. அங்க எல்லாப் பெடியளும் கட்டாயம் போகவேணும். முடியை வேற வெட்டிப்போட்டாங்கள்."

அன்றுதான் அந்தக் குடும்பக் கதை எனக்குத் தெரிய வந்தது. அக்காவின் மகள் படிக்க மெல்பர்ன் போனபோது தன் அறைச் சுவரில் ஒட்டிய படத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கிழிக்கப் போன அக்கா, தினமும் காலையில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் இந்தப் பெடியன் யார் என்று தெரிந்துகொண்டு கிழிக்கலாம் என்று வலைத்தளத்தில் படித்தார். சின்ன வயதில் தகப்பனை இழந்தவன். தாய் சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி வகைகள் விற்று வளர்த்தாள். பதினைந்து வயதில் ஒரு பாட்டுக் கம்பெனியில் சேர்ந்து ஏழு வருடம் பயிற்சி. ஐந்து பேர் சேர்ந்து பாடிய குழு உடைந்ததும் மற்ற நால்வர் நடிக்கப் போய்விட, இவன் தனியாகப் பாடித் தங்கையைப் படிக்க வைத்தான். காது கேளாத பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்யப் பணம் கொடுக்கிறான். பனிக் காலத்தில் மேட்டுத் தெருவில் இருக்கும் கிழவர்களின் வீடுகளுக்கு அடுப்புக் கரியைத் தானே சுமந்துகொண்டு போய்க் கொடுக்கிறான். படம் சுவரிலேயே இருந்துவிட்டது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எட்டு வருடமும் நான் அதைத் தப்பாகத்தான் சொல்கிறேன் என்று அக்கா சண்டை பிடித்தார். அச்சிலும் தப்பாகப் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

ஆமிக்குப் போனவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அர்ச்சனை. கார் ஓட்டியது யார்? நான். குருக்கள் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னார். நட்சத்திரம் உத்திரட்டாதி, பிறந்த நேரம் தெரியாவிட்டாலும் அந்த நாள் முழுக்க உத்திரட்டாதிதான் என்று பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார். கோத்திரம் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாடகரின் குடும்பப் பெயரைப் பிடித்து, "கிம் கோத்திரம்" என்றார். குருக்கள் நல்ல மனிதர். மேலே ஒன்றும் கேட்காமல் மந்திரத்தில் சேர்த்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆமியிலிருந்து திரும்பி வந்த பாடகர் ஒரு காரியம் செய்தார். கல்யாணம். யாருக்கும் சொல்லாமல், கூடப் படித்த பெண்ணை, இரண்டு குடும்பமும் மட்டும் இருக்க. ஒரு வாரம் கழித்து ரசிகர்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், மன்னியுங்கள் என்று.

கல்யாணம் செய்துகொண்டதற்கு ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? எனக்கே ரத்தம் கொதித்தது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று அவர் போட்ட ரோஸ்டரில் ஒரே நர்சு ஒரே நேரத்தில் இரண்டு மாடிகளிலும் இருந்தார்.

ரசிகர்கள் மன்னிக்கவில்லை. பாட்டுத் தட்டுகளை உடைத்தார்கள், படங்களைக் குப்பையில் போட்டார்கள். அதுகூடப் போகட்டும். அவர்கள் காசு, அவர்கள் குப்பை. ஆனால் சிட்னி ரசிகர் மன்றம் செய்ததைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. தன் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பாதீர்கள், உங்கள் ஊரில் இல்லாதவர்களுக்கு அரிசி கொடுங்கள் என்று அந்தப் பாடகர் எப்போதோ சொல்லியிருந்தார். அதன்படி வருடா வருடம் மெரிலேண்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்கும். விசா முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள், வேலை கிடைக்காத மாணவர்கள் என்று சனிக்கிழமைதோறும் அங்கே வரிசையில் நிற்பார்கள். இந்த வருடம் அரிசி கிடையாது என்று மன்றம் அறிவித்துவிட்டது.

மறுநாளே மன்றத்துக்காரர்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கொரியன் காப்பிக் கடையில் கூடுகிறார்கள் என்று அக்காவுக்குத் தகவல் கிடைத்தது. கார் ஓட்டியது யார் என்று இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

பத்துப் பதினைந்து பெண்கள். தலைவி மயூரி என்ற ஒரு தமிழ்ப் பெண், பார்மசி படிக்கிறவள். அக்கா கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் அரிசியை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ரசிகர்கள் மனசு எவ்வளவு உடைந்திருக்கிறது தெரியுமா என்று மயூரி ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்லி, "ஹி லைட் டு அஸ், அன்ரி" என்று முடித்தாள்.

"உமக்கு என்ன பொய் சொன்னவன்? உம்மைக் கட்டுறன் எண்டு சொன்னவனே?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். மயூரியின் முகம் சிவந்தது. நான் காப்பிக் கோப்பைக்குள் என் முகத்தை மறைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, என்ர மகளையும் இடுப்பில வச்சுக்கொண்டு அப்பிடியொரு வரிசையில நிண்டனான். எனக்கு அரிசி தந்தது ஆர், கலியாணம் கட்டினவரோ கட்டாதவரோ, எனக்குத் தெரியாது. சோறு வெந்தது. நாங்கள் சாப்பிட்டம்."

இத்தனை காலம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த விஷயத்தை எனக்குச் சொல்லாமல், முன்பின் தெரியாத பெண்களுக்குக் காப்பிக் கடையில் சொல்கிறார். எனக்குக் கோபம் வந்தது. மன்றத்தின் முடிவு மாறவில்லை.

"சரி, நாங்கள் குடுப்பம்" என்றார் அக்கா, காரில் ஏறியதும். அந்த 'நாங்கள்' என்பதில் நானும் இருக்கிறேன் என்று கேட்காமலே புரிந்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் அவர் விடாத ஆளில்லை. ஹரிஸ் பார்க் இனிப்புக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், எங்கள் இல்லத்து டாக்டர், எல்லோரிடமும் போய் அந்தப் பாடகரின் கதையை, தகப்பன் செத்ததிலிருந்து கர்ப்பிணி மனைவி வரைக்கும் சொன்னார். பாதியிலேயே அரிசி தருகிறேன் என்று சொன்னவர்களையும் முழுக் கதையும் கேட்டுவிட்டுத் தரச் சொன்னார். நர்சுகள் தானாகவே மூட்டையோடு வந்தார்கள். பயத்தினாலா பாசத்தினாலா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு சங்கத்தின் தலைவர் மட்டும் நிபந்தனை போட்டார். கொரியாக்காரன் படத்துக்குக் கீழே தமிழர்கள் நிற்பது அழகா, எங்கள் சங்கத்தின் பேனரை மாட்டினால் அரிசி தருகிறோம் என்றார். வந்தது இரண்டே மூட்டை. பேனர் மண்டபத்தின் ஒரு சுவரைவிட நீளம். அதில் தலைவர் இருபுறமும் கைகூப்பிக்கொண்டு நின்றார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். முதல் நாள் பெய்த மழையில் தரை ஈரமாக இருந்ததால், பேனரைக் கவனமாக மடித்து விரித்து, அதன்மேல் எல்லா மூட்டைகளையும் அடுக்கச் சொன்னார். அடுக்கியது நான். என் முதுகு அதற்குச் சாட்சி.

பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. மகள் அறைச் சுவரில் இருந்த அதே படத்தைச் சட்டம் போட்டு மண்டப வாசலில் வைத்திருந்தார் அக்கா. இனிப்புக் கடைக்காரர் அரிசியோடு ஒரு ரோஜா மாலையும் அனுப்பியிருந்தார். நல்ல மாலை, வீணாக்குவானேன் என்று நான் அதைப் படத்துக்குப் போட்டேன். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடாமல் ஒரு கூட்டம் நடக்குமா?

வரிசையில் முதலில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன் கைகூப்பினார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன வயசு. என்ன வருத்தம் வந்து செத்தவன், பிள்ளை?"

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்கள். அக்கா திரும்பிப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன்பின் சொன்னதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பைத்தியத்துக்கு அவர்கள் ஊரில் சொல்லும் 'விசர்' என்ற சொல் அதில் நான்கு முறை வந்தது என்று மட்டும் சொல்கிறேன். மாலையைப் பிடுங்கி என் கழுத்தில் போட்டார். அன்று முழுக்க அந்தக் கோலத்தில்தான் அரிசி கொடுத்தேன்.

முற்பகலில் மயூரி வந்தாள். கூட இரண்டு பெண்கள், தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நான்கு மூட்டை. படத்தின் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. இந்த மூட்டைகளில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். இன்னும் கோபம் போகவில்லையாம். அக்கா வெடிக்கப் போகிறார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"ஓம், பேர் வேண்டாம்" என்றார் அக்கா. "கோவம் இருந்தா இருக்கட்டும். அந்த அளவு டப்பாவை எடுத்துக்கொண்டு வாரும்."

மத்தியானம்வரை மூன்று பெண்களும் அரிசி அளந்து போட்டார்கள். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

பாடகருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பாட்டும் குறையவில்லை. போய்விட்ட ரசிகர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டதாக அக்காவே ஒரு நாள் சொன்னார், அதையும் கோபமாகத்தான். போனவர்கள் எந்த முகத்தோடு வருகிறார்கள் என்று.

போன வருடம் மகளுக்குத் துணையாக இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா மெல்பர்னுக்குப் போய்விட்டார். எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு வருடம் எங்களைத் திட்டிப் பழக்கிவிட்டு, திடீரென்று இரண்டு பெட்டியோடு "போட்டு வாறன்" என்றால் என்ன அர்த்தம்? இது நியாயமா? இப்போது சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறோம்.

அங்கேயும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டாராம். தினமும் மத்தியானம் யாரோ நாலு பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள்மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.