மாப்பிள்ளை எடுத்த பாதுகாப்புப் படம்

மாப்பிள்ளைக்கு மெமோ கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு, பாதுகாப்பு வாரத்துக்குக் குறும்படம் எடுத்துத் தரும்படி அங்கிருந்தே கேட்டார்கள். கதை என்னிடம் இருந்தது. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும்; கை உள்ளே மாட்டாது. நம் ஆட்கள் ஒரு பொத்தானில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். (உற்பத்தி கூடும். விரல் குறையும்.) அப்படி இடது கையில் மூன்று விரல்களை இழந்த கெலமங்கலம் முனிராஜ், "இன்னொருத்தனுக்கு இது ஆவக்கூடாது சார்" என்று தானே நடிக்க வந்தார்.

இயக்கம், கல்யாண வீடியோ எடுக்கும் என் மாப்பிள்ளை. நான் பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஹெல்மெட், கையுறை, மின்சாரத் துண்டிப்பு என்று பட்டியல் போட்டுப் படப்பிடிப்பு முழுக்க டிக் அடித்தேன். முடிந்த படத்தை மட்டும் பார்க்கவில்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

கேன்டீன் ஹாலில் திரையிட்டார்கள். முனிராஜ் என் பக்கத்தில். முதலில் ட்ரோன் கூரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அவர் கட்டையைச் செருகும் இடம்: நான்கு கோணம், ஸ்லோ மோஷன், மேளம், தீப்பொறி. (பிரஸ் மெஷினில் தீப்பொறி எங்கிருந்து வரும்?) ஹாலே விசிலடித்தது. விரல் போன காட்சி? சிவப்பாக ஒரு மின்னல், அவ்வளவுதான். நான் எழுதியிருந்த ஆஸ்பத்திரி, அவர் மனைவியின் அழுகை எதுவும் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அதெல்லாம் வச்சா லேக் ஆயிடும் மாமா," என்றார் மாப்பிள்ளை.

முனிராஜ் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "என் விரலு போனதுக்கு விசில் அடிக்கறாங்க சார்."

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். இரண்டு மெஷின்களில் கட்டை. பிடிபட்ட ஆபரேட்டர் நெளிந்தபடி சொன்னார்: "படத்துல அண்ணன் சொருகறப்ப செம கெத்தா இருந்துச்சு சார்."

நல்லவேளை, விரல்கள் தப்பின. படத்தை அன்றே நிறுத்தினார்கள். மாப்பிள்ளையோ அந்தக் கட்டைக் காட்சியை இன்றும் கல்யாண வீட்டாருக்குச் சாம்பிளாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். நானும் பண்டிகைக்குப் பண்டிகை அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் போதும், மனைவி ஆரம்பித்துவிடுவாள்:

"பாத்து வெட்டுங்க. இங்க விசில் அடிக்க ஆளில்ல."