மேற்கணக்கு ஜீப் உரசாமல் ஓடிய வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் இன்றைக்கும் புகழ்கிறது. அந்தச் சக்கரம் போதாது, இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவரை உலகம் இன்னும் அறியவில்லை. அவர் பலாங்கொடைக்கு மேலே, பன்னீர்மலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், கோயிலுக்குப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறார். பெயர் நல்லையா. 'நோயாளர் போக்குவரத்து நலன்புரிச் சங்க'த்தின் தலைவர்.

சங்கத்திடம் ஒரு பெரிய ஜீப் இருந்தது. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். பின் இருக்கைகளை மடித்துவிட்டால் ஒருவர் படுத்தபடியே ஆஸ்பத்திரி வரை போகலாம். மேற்கணக்கில் நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெளிநாட்டில் நன்றாக இருக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் மனம் பொறுக்காமல் வாங்கிக் கொடுத்த வண்டி அது. வந்த நாளிலிருந்து ஒழுங்காக ஓடியது. ஒரு சங்கத்துக்கு இதைவிடச் சங்கடமான நிலை கிடையாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கூட்டம் போட்டு எதைப் பேசுவது?

சங்கத்தின் இன்னொரு தூண் பிரதீபன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுப்பவன். உயர்தரம் வரை படித்தவன். எந்தத் தீர்மானத்தையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பது சங்கத்தின் யாப்பு விதி. முன்மொழிவது எப்போதும் தலைவர். வழிமொழிவது எப்போதும் பிரதீபன். அந்தச் சொல்லை நாக்குப் புரளாமல் சொல்ல மேற்கணக்கில் அவன் ஒருவனால்தான் முடியும் என்பதால், இந்தப் பதவிக்குப் போட்டியே இருந்ததில்லை.

பிரதீபனுக்குச் சந்தேகங்கள் வராமல் இல்லை. நிறைய வரும். ஆனால் தனக்கு வரும் சந்தேகங்கள் சரியானவையா என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடும். அதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

அவன் மனைவி விஜயகலாவுக்கு அப்போது நிறைமாதம். மிட்வைஃப் மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு, "புள்ள பெருசா இருக்கு. வலி கண்டவொடனே ஜீப்புல ஏத்திரணும், சொணங்கக் கூடாது" என்று இருவரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜீப் வாசலில் நின்றது. பிரதீபன் நிம்மதியாக இருந்தான்.

அந்த வாரம்தான் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ரோட்டுல குழி இருக்கு" என்று ஆரம்பித்தார். யாரும் மறுக்கவில்லை. "ரோட்டப் போடச் சொல்லி எழுதினோம். அவங்களும் வந்து குழியப் பாத்து, படம் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. குழியச் சின்னதாக்க நமக்கு அதிகாரம் இல்ல. ஆனா டயரப் பெருசாக்க அதிகாரம் இருக்கு. டயரு பெருசானா குழி தானா சின்னதாயிரும். கணக்குப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

தமது போனைச் சபைக்குச் சுற்றி அனுப்பினார். அதில் ஏதோ ஒரு பாலைவனத்தில், யானைக்கால் போன்ற டயர்களோடு ஒரு ஜீப் மணல்மேட்டைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. மேற்கணக்கில் மணலும் இல்லை, பறந்து போக வேண்டிய நோயாளியும் அதுவரை இருந்ததில்லை. ஆனாலும் எல்லோரும் இரண்டு முறை பார்த்தார்கள்.

ஜீப் சாரதி மூக்கையா மட்டும் தலையைச் சொறிந்தார். "இப்ப நல்லாத்தானே ஓடுது தலவரே?"

"நல்லா ஓடுறத இன்னும் நல்லா ஓட வைக்கிறதுக்குப் பேருதான் அபிவிருத்தி."

பெரிய டயர் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குள் எப்படி அடங்கும் என்று பிரதீபனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"வழிமொழிகிறேன்."

பலாங்கொடையில் டயர் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் நானா நேர்மையான வியாபாரி. எதையும் மறைக்க மாட்டார்.

"எவ்வளவு பெருசு வேணும் தலைவர்?"

"ஏலுமான வரைக்கும் பெருசு."

"போடேலும். ஆனா ஸ்டியரிங்க முழுசா திருப்பினா உள்ளுக்கு உரசும்."

"உரசாம செய்ய முடியாதா?"

ஜமால்தீன் நானாவின் முகம் மலர்ந்தது. "ஏன் ஏலா? அதுக்கெல்லாம் சாமான் இரிக்கி."

டயர் மாற்றிய ஜீப் மேற்கணக்குக்கு வந்த நாளை யாரும் மறக்க முடியாது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, கோயில் முடக்கு வளைவில் திரும்பியது. உடனே, உயிரோடு ஆட்டை உரிப்பது போன்ற ஒரு சத்தம் மலை முழுவதும் கேட்டது. பூசாரி மணியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

சங்கம் கலங்கவில்லை. 'உரசல் தடுப்பு உபகுழு' அமைக்கப்பட்டது. பிரதீபன் வழிமொழிந்தான்.

முதல் கட்டமாக, சக்கரச் சில்லுக்கு மேலே உள்பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும், பின்னால் தொங்கிய சேறுதடுப்பு ரப்பரையும் அறுத்து எறிந்தார்கள். அவை அங்கே எதற்காக இருந்தன என்பது முதல் மழையில் தெரிந்தது. சேறு தடையின்றிப் பயணம் செய்து, ஜன்னல் வழியாக உள்ளே போய் இருக்கையில் அமர்ந்தது. சத்தம் கொஞ்சம் குறைந்தது.

இரண்டாம் கட்டமாக, ஸ்பிரிங்குக்கு மேல் இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினார்கள். இப்போது ஜீப் இன்னும் கம்பீரமாக இருந்தது. ஒத்திகைக்காக விஜயகலாவை ஏறச் சொன்னார்கள். அவள் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, தன் இடுப்புக்கு மேலே இருந்த படியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியா, கோயில் தேரா?"

தலைவர் உடனே ஒரு முக்காலிக்கு ஏற்பாடு செய்தார். அதுவும் தீர்மானமாக நிறைவேறியது.

முடக்கில் திருப்பும்போது இன்னும் உரசியது. ஜமால்தீன் நானா சற்று யோசித்து, சில்லு ஓர் அளவுக்கு மேல் திரும்பாதபடி ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு இரும்பு வாசர் வளையங்களைப் போட்டார். "இனி உரசவே உரசாது. உரசுற அளவுக்குத் திரும்பவே திரும்பாதே!"

தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். மூக்கையா வண்டியை எடுத்துப் போய், வெகுநேரம் கழித்து, வியர்த்து வழிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"ஒரு மொடக்கத் திரும்ப நாலஞ்சு வாட்டி ரிவஸ் அடிக்கணும் தலவரே. பின்னாடி பள்ளம்."

"அப்ப பின்னாடி பாக்காத. உரசுச்சா?"

"உரசல."

"ஹரி, சரிதான்! அதத்தானே கேட்டோம்."

எஞ்சியிருந்தது ஒரேயொரு சிறு குறை. ஆள் ஏறினால் பாரத்தில் வண்டி கீழே அமுங்கியது. அமுங்கினால் உரசியது. உபகுழு இதை அறிவியல் முறைப்படி ஆராய்ந்தது. பின்னால் நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: உரசியது. இருவர் இறங்கினார்கள்: கொஞ்சமாக உரசியது. எல்லோரும் இறங்கினார்கள்: ஒரு சத்தமும் இல்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பது இறுதியாகத் தெரிந்துவிட்டது. வண்டியில் ஒரு குறையும் கிடையாது. எல்லாம் நோயாளிகளால் வந்த வினை.

'மறு அறிவித்தல் வரை பின் இருக்கைகளில் ஆள் ஏற்றலாகாது' என்று தலைவர் முன்மொழிந்தார். இது அடிப்படையிலேயே தவறு போலத் தெரிகிறதே என்று பிரதீபன் நினைத்தான். இவ்வளவு பேருக்கும் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரிய நியாயமில்லையே என்றும் நினைத்தான். சபை அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. மழையும் வரும்போல் இருந்தது.

"வழிமொழிகிறேன்."

வீட்டுக்கு வந்ததும் விஜயகலா கேட்டாள். "இன்னைக்கு என்னாத்த வழிமொழிஞ்சீங்க?"

"ஜீப்புல ஆள் ஏத்தக் கூடாதுன்னு."

அவள் ரொட்டிக்கு மாவு பிசைவதை நிறுத்தினாள். "ஆஸ்பத்திரி ஜீப்புலயா?"

"இல்ல கலா, அது... தற்காலிகமாத்தான்."

"என் வயித்துல இருக்கிறதும் தற்காலிகந்தான்" என்றாள் விஜயகலா. "அதையும் கொஞ்சம் கமிட்டியில சொல்லி வைங்க."

பிரதீபன் அடுத்த கூட்டத்தில் அதைக் கட்டாயம் எழுப்புவதென்று முடிவு செய்தான். எழுந்து நின்று சொல்ல வேண்டிய நான்கு வாக்கியங்களையும் மனதுக்குள் வரிசைப்படுத்தினான். மூன்றாவது வாக்கியம் சற்றுக் கடுமையாக இருப்பதாகப் பட்டு, அதைத் திருத்திக்கொண்டிருந்தான். பிள்ளை அதுவரை காத்திருக்கவில்லை.

பெருந்திரளான மக்கள் முன்னிலையில் ஜீப்புக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, உரசாமல் ஓடும் வெள்ளோட்டத்தைத் தொடங்கிவைக்கத் தலைவர் வாயெடுத்தபோதுதான் விஜயகலாவுக்கு வலி கண்டது. பிரதீபன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான்.

தலைவர் கல் நெஞ்சர் அல்ல. பதறிப்போனார். "ஐயையோ, ஏத்தணுமே! ஆனா தீர்மானம் இருக்கே. அத மாத்தணும்னா இன்னொரு தீர்மானம் வேணும். தம்பி பிரதீபன், நீயே முன்மொழி. ஒம் பொஞ்சாதிதானே. கெதியா!"

பிரதீபன் முன்னே வந்தான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வாயாலேயே ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. ஊரே அவனைப் பார்த்தது. நான்கு வாக்கியங்களையும் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னான்.

"வழிமொழிகிறேன்."

"எதய்யா?" என்றார் தலைவர்.

விஜயகலா பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியில் காலை வைத்தாள். "மூக்கையாண்ணே, வண்டிய எடுங்க. மிச்சத்த அவங்க பேசிக்கிட்டு இருக்கட்டும்."

"வேற யாரும் ஏறாதீங்க!" என்று தலைவர் கூவினார். "ஒருத்தர் மட்டும் போனா உரசாது!"

"நாங்க ரெண்டு பேரு தலவரே" என்றாள் அவள்.

பிரதீபன் பாய்ந்து ஏறினான். மூவரானார்கள். ஜீப் புறப்பட்டு, கோயில் முடக்கில் திரும்பியது. அதாவது, திரும்ப முயன்றது. பாதி திரும்பியதும் ஸ்டியரிங் நின்றுவிட்டது. மூக்கையா பின்னால் எடுத்தார், முன்னால் எடுத்தார், மறுபடி பின்னால் எடுத்தார். பாரத்தில் அமுங்கிய வண்டி ஒவ்வொரு தடவையும் ஆடு உரித்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. பின் சில்லுகளுக்குக் கீழே கற்கள் பெயர்ந்து, வெகுநேரம் உருண்டு போகும் சத்தம் கேட்டது. கடைசியில் ஜீப் பாதைக்குக் குறுக்கே, மாலையும் கழுத்துமாக, அசையாமல் நின்றது.

"மூக்கையா, உரசுதா?" என்று மேலேயிருந்து தலைவர் கத்தினார்.

விஜயகலா கதவைத் திறந்தாள். முக்காலி மேலேயே நின்றுவிட்டிருந்தது. கீழே பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். பிரதீபன் முதலில் குதித்து, கையை நீட்டி, அவளைக் குழந்தையைத் தூக்குவது போல் இறக்கினான். அதை யாரும் முன்மொழிந்திருக்கவில்லை.

முடக்குக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் கொழுந்து லொறி நின்றது. படிக்கட்டுப் பாதையில் இருவரும் இறங்கினார்கள். வலி வந்தபோது நின்றார்கள், விட்டபோது நடந்தார்கள். லொறிக்காரன் அவர்களைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொழுந்து மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். தேய்ந்து வழுக்கையான டயர்களோடு அந்த லொறி எல்லா முடக்குகளையும் ஒரே திருப்பில் திரும்பியது. பச்சைக் கொழுந்தின் மேல் சாய்ந்துகொண்டு, விஜயகலா தனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்தாள். சங்கத்தில் ஆரம்பித்து, பலாங்கொடை நெருங்கும்போது புருஷனிடம் வந்து சேர்ந்தாள். பிரதீபன் எல்லாவற்றையும் மனதார ஏற்றுக்கொண்டான்.

பிரசவ அறை வாசலில் தாதி அவள் தலைமுடியிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துப் பார்த்தாள். "அம்மே! பிள்ளைக்கு முந்தித் தேத்தண்ணியும் கொண்டு வந்ததா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. பெரிய பிள்ளைதான். குரலும் பெரிது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் தலைவர் நல்லையா வார்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உடம்பெல்லாம் பஸ் புழுதி. முகத்தில் வெற்றிக் களை.

"ஜீப்பு என்னா ஆச்சு தலவரே?" என்றான் பிரதீபன்.

"வெளியில நிக்குது தம்பி! எல்லாருமா தள்ளி நிமித்திட்டோம். மூக்கையா தனியா ஓட்டிக்கிட்டு வந்தான். நானே ஏறல, பாத்துக்க. பின்னாடி பஸ்ஸுலதான் வந்தேன். அங்கயிருந்து இங்க வரைக்கும்..." வாழைப்பழச் சீப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஒரு எடத்துலயும் உரசல தம்பி. ஒரு எடத்துலயும்! இந்தச் சாதனைக்காகச் சங்கத்தப் பாராட்டி இந்த எடத்துலயே ஒரு தீர்மானம் முன்மொழியிறேன்."

வழக்கம்போல் பிரதீபனைப் பார்த்தார். பிரதீபனின் இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்தது. அவன் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

தலைவர் காத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுசரி" என்றாள் விஜயகலா, தலையணையிலிருந்து தலையைத் தூக்கி. "ஆளயே ஏத்தாட்டி, எதுதான் தலவரே உரசும்?"