கொப்புளம் அண்ணன் ஒட்டிய கண்ணாடி

ஸ்டிக்கர் ஒட்டாமல் வெறுமனே கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் தனக்கு நேர்ந்த சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்க முடியும். அந்த ஒருவர் டோக்கியோவிலோ கனடாவிலோ பிறந்து தொலைத்திருக்கலாம். கல்லடிப் பாலத்துக்கு அங்கால், என் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் வந்து கடை போட்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் எவருக்கும் தெரியாது. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், கைத்தொலைபேசி, குளிர்சாதனப் பெட்டி என்று எதைக் கொண்டுபோனாலும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார். ஒட்டும்போது அடியில் காற்று அடைபட்டுச் சின்னதாக ஒரு குமிழி எழும்புமே, அதற்கு அவர் வைத்த பெயர் கொப்புளம். அவர் கண்ணில் கொப்புளம் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஊர் அவரையே கொப்புளம் அண்ணன் ஆக்கிவிட்டது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகட்டில் ஓர் எழுத்து அழிந்துவிட்டது, அதை மட்டும் ஒட்டித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து பார்க்கிறேன், எண்ணெய்த் தாங்கியிலிருந்து பின் மட்கார்ட் வரைக்கும் கொடுவா மீன்கள் நீந்துகின்றன.

"என்ன அண்ணன் இது? நான் கேட்டது ஒரு எழுத்து!"

"அது அம்மணமாக் கிடந்தது தம்பி. பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு."

அதற்குப் பிறகு அலுவலகத்தில் என்னை 'மீன் வண்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள்.

சாவு வீட்டில்கூட அவருக்கு அடக்கம் கிடையாது. எங்கள் பழைய தபாலதிபர் காலமானபோது வாசலில் பலகையில் ஒட்டிய பெரிய படம் வைத்திருந்தார்கள். ஊரே கும்பிட்டுவிட்டு நகர்கிறது. இவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். சரி, மனிதர் கலங்கிப்போய் நிற்கிறார் என்று நானும் இரக்கப்பட்டேன். திடீரென்று சட்டைப் பையிலிருந்து குண்டூசியை எடுத்து, தபாலதிபரின் கன்னத்தில் குத்தி, பெருவிரலால் நீவிவிட்டார். அழுதுகொண்டிருந்த மனைவி அப்படியே அழுகையை நிறுத்திவிட்டா.

"கொப்புளத்தோட அவரை அனுப்பேலாது அக்கா" என்று அவவிடமே விளக்கம் வேறு.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது அவருடைய கண் திறப்பு. முகம் உள்ள எதை ஒட்டினாலும் கண்ணை மட்டும் ஒரு சின்னத் துண்டால் மூடியே வைத்திருப்பார். கோயிலில் சிலைக்குக் கடைசியில் நல்ல நேரம் பார்த்துத்தானே கண் திறக்கிறார்கள்? அதே சட்டம் அவருடைய ஸ்டிக்கருக்கும். சாம்பிராணி போட்டு, பிளேட்டால் அந்தச் சின்னத் துண்டை வெட்டி எடுப்பார். ஓட்டோவில் ஒட்டும் பிள்ளையாருக்கு இது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். காத்தான்குடியில் பொரித்த கோழி விற்கும் ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் சிரிக்கிற கோழி ஒன்றை ஒட்டினார். அதற்கும் அதே சட்டம். கடை திறக்கும் நாள், வாசலில் சனம் நிற்கிறது, கோழி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது.

"அண்ணன், இந்தக் கோழிக்கென்ன நல்ல நேரம்? உள்ளுக்குப் போய்ப் பாருங்க, அதுட சொந்தக்காரரெல்லாம் எண்ணெயில கிடக்கிறாங்க!" என்று கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

"அது அவங்கட விதி காக்கா. இது என்ட வேலை" என்றார் கொப்புளம் அண்ணன். காத்தான்குடியில் அண்ணன் என்றால் காக்கா. பன்னிரண்டு மணி தாண்டித்தான் கோழி கண் விழித்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்த ஆளிடம் நான் போனேன் என்றால் அது என் அக்காவுக்காக.

அக்கா கல்குடாவில் இருக்கிறா. ஒரே மகன் லண்டனில். தை மாதத்தில் அவனுக்குக் கலியாணம். அக்காவும் அத்தானும் விசாவுக்கு இரண்டு தடவை போட்டார்கள், இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். காரணம் என்று ஒரு கடிதம் வந்தது; அதை வாசித்தால் எனக்கு மறுபடி கோபம் வரும், ஆகவே விடுகிறேன். மகன் வேறு வழி பார்த்தான். தலையில் மாட்டிக்கொண்டால் இருந்த இடத்தில் இருந்தே இன்னோர் இடத்தைச் சுற்றிவரப் பார்க்கலாமே, அந்த வி.ஆர். கண்ணாடி ஒன்றை ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான்.

"அம்மா, மண்டபத்தில உங்களுக்கு முன் வரிசையில கதிரை போடுவம். அந்தக் கதிரையிலதான் கமெரா இரிக்கும். நீங்க இதைப் போட்டா அந்தக் கதிரையில இருந்து பார்க்கிற மாதிரித்தான். தாலி கட்டினவுடனே வந்து உங்கட காலில விழுவன்" என்று தொலைபேசியில் சொன்னான்.

அக்கா ஒரு நாள் முழுக்க அழுதா. அடுத்த நாள் கண்ணாடியை மாட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தா.

"தம்பி, இதென்ன வெள்ளை வெளேரெண்டு? கண் ஒப்பரேசன் செஞ்சு கட்டுப் போட்ட மாதிரி இரிக்கு. மாப்பிள்ளைட தாய் நான். சபையில இப்பிடியா இருக்கிறது? என்ட சாறிக்குப் பொருத்தமா ஏதும் ஒட்டித் தரச் சொல்லு."

அரக்கு நிறச் சேலை, பொன் கரை. அந்தச் சேலையின் சட்டைத் துணியில் ஒரு துண்டோடு கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொப்புளம் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கத்தில் நான்கு மூலைகளிலும் சின்னச் சின்னக் கறுப்புக் கமெராக்கள். ஆள் எங்கே இருக்கிறார், தலையை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதை அந்தக் கமெராக்கள்தான் பார்க்கும். அவை மறைபட்டால் உள்ளே படம் வராது.

"தம்பி, இதுக்கு முகம் இரிக்கு" என்றார். "நாலு கண்."

"ஓம் அண்ணன், அந்த நாலையும் மறைக்காம ஒட்டுங்க. அதால பார்த்தாத்தான் வேலை செய்யும்."

"கண்ணைப் பற்றி எனக்கா சொல்லித் தாறீங்க?" என்றார். அப்போதே நான் பொருளைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

மூன்று நாள் கடைக்குள் கிடந்தார். கலியாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, வேலை என்றால் அதுதான் வேலை. அரக்கு நிறத்தின் மேல் அக்காவின் சேலைக் கரையை நூல் நூலாக வெட்டி ஒட்டியிருந்தார். இரண்டு பக்கமும் கும்பம். தலைப் பட்டியில் மாவிலைத் தோரணம். கண்ணாடியோடு வந்த, கையில் பிடிக்கும் இரண்டு பிடிகளையும் குலையோடு இரண்டு வாழை மரங்களாக்கி இருந்தார். எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்று விளிம்பே தெரியவில்லை. நான்கு கண்களின் மேலும் நான்கு பொன் பூக்கள்.

"கண் மூடிக் கிடக்கே?"

"நாளைக்கு மூண்டு மணிக்குப் பிறகு, நாலரைக்கு முன்னால. அக்காட வீட்டுக்கு நானே வந்து திறந்து விடுறன். நீங்க ஒண்டுக்கும் பயப்பட வேணாம்."

பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னால் பயப்பட வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. லண்டனில் முகூர்த்தம் காலை பதினொன்று ஐந்து, இங்கே நாலு முப்பத்தைந்து. நேரம் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ஐம்பது அறுபது பேர். பெரிய தொலைக்காட்சியில் லண்டன் மண்டபம் தெரிகிறது. சனத்துக்கு அது போதும். அக்கா மட்டும் அதைப் பார்க்கமாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டுச்சேலையோடு ஒரு கதிரையில் இருந்தா.

"என்ட கதிரையில இருந்துதான் பார்ப்பன்" என்றா.

மூன்று மணி. ஆளில்லை. மூன்றரை. தொலைபேசி அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை. நாலு மணிக்கு நான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். ஒரே இருட்டு, கமெராக்கள் மறைக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி மட்டும். நகத்தால் சுரண்டி உரிக்கப் பார்த்தேன். விளிம்பு இருந்தால்தானே உரிக்க! அந்த ஆளின் திறமையை அன்றைக்குச் சபித்ததுபோல் நான் வேறு எதையும் சபித்ததில்லை. பிளேட் எடுக்கலாம் என்றால் கீழே கமெராக் கண்ணாடி, கீறினால் அதோடு எல்லாம் முடிந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது நாலு முப்பத்திரண்டு.

"எங்க நிண்ட நீங்க?" என்று கத்தினேன்.

"ஏறாவூரில ஒரு ஓட்டோ. பின்பக்க ஸ்டிக்கர் மூலை கிளம்பி, காத்துக்குப் படபடக்குது. எப்பிடி விட்டுட்டு வாறது? துரத்திப் பிடிச்சு ஒட்டிட்டு வாறன்."

"அது உங்கட ஸ்டிக்கரா?"

"இல்லை. எவனோ ஒட்டினது."

அவர் சட்டைப் பையிலிருந்து பிளேட்டை எடுத்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிளேட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"ராகு காலம் பிறந்திட்டு தம்பி. இனி ஆறு மணிக்குத்தான்."

"ஆறு மணிக்குக் கலியாணம் முடிஞ்சு சனம் சாப்பிட்டுக்கொண்டு நிக்கும்! லண்டனில இப்ப ராகு காலம் இல்லை!"

"பொருள் இஞ்சதானே கிடக்கு."

"அது பிளாஸ்டிக் அண்ணன்!"

"அந்தக் கோழியும்தான் பிளாஸ்டிக். முப்பது வருசமா ராகு காலத்தில ஒரு கண்ணும் நான் திறக்கல்ல. மாப்பிள்ளைட தாய்க்கு, இந்த நாளில, திறப்பனா? ஏதும் ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுற?"

அத்தான் வந்து கெஞ்சினார். எனக்கு அந்த ஆளைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட வேண்டும்போல் இருந்தது. அக்கா கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் முதல் தடவையாகத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினா. மணவறையில் மகன், ஐயர் சொல்வதைக் கேட்காமல், முன் வரிசைக் கதிரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வந்திட்டனா எண்டு பார்க்கிறான்" என்றா அக்கா.

கொப்புளம் அண்ணனும் திரையைப் பார்த்தார். பிறகு, "ஒரு தேத்தண்ணி தருவீங்களா? நல்ல கொதிக்கக் கொதிக்க" என்றார்.

"தேத்தண்ணியா!" நான் கத்திய கத்தலில் குழந்தைகள் அழத் தொடங்கின.

சனத்துக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி சில்வர் கோப்பையில் உடனே வந்தது. அவர் குடிக்கவில்லை. அக்காவின் மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, சுடுகிற கோப்பையை அதன் விலாவில் ஒத்தி ஒத்தி எடுத்தார். கும்பத்துக்குக் கீழே, எங்கள் எவருக்கும் தெரியாத ஓர் இடத்தில் பெருவிரல் நகத்தை வைத்தார்.

"கண் திறக்கிறதுக்குத்தான் ராகு காலம். உரிச்சுப் போடுறதுக்கு ஒண்டுமில்லை."

ஒரே இழுவை. கும்பம், சேலைக் கரை, நான்கு பொன் பூக்கள் எல்லாம் சேர்ந்து சுருண்டு அவர் கைக்குள் வந்தன. மூன்று நாள் வேலை. பசைத் திட்டுத் திட்டாக வெள்ளைக் கண்ணாடி மிஞ்சியது. அதைத் தான் உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் நீட்டினார்.

"வெள்ளையாத்தான் இரிக்கு அக்கா. குறை நினைக்க வேணாம்."

அக்கா மாட்டினா. இரண்டு மூன்று விநாடி. பிறகு அவவின் முதுகு நிமிர்ந்தது.

"ஓ மனே, வந்திட்டன்" என்றா.

மேளம் கொட்டியது. தாலி ஏறியது. சனம் தொலைக்காட்சியை நோக்கி அறுகரிசி எறிந்தது. மகனும் மருமகளும் மணவறையை விட்டு இறங்கி, நேரே அந்தக் கதிரைக்கு வந்து குனிந்தார்கள். இங்கே அக்கா ஆசீர்வதிக்கக் கையை நீட்டினா. அங்கே அவனுடைய தலை. இங்கே வெறும் காற்று. கை அந்தரத்தில் தடவிக்கொண்டு நின்றது. நாங்கள் அறுபது பேரும் அதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

கொப்புளம் அண்ணன் சுருண்ட ஸ்டிக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் முழந்தாளிட்டு, அந்தக் கைக்குக் கீழே தன் தலையைக் கொண்டுபோய் வைத்தார். அக்கா அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு மனே, நல்லா இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. அவர் மூச்சுக்கூட விடவில்லை.

அந்த ஆள் ஒரு பைத்தியம். அதை நான் சொல்லலாம். வேறு யாராவது என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும்.