ஏழாம் எண் போர்ட்டும் உங்கள் தங்கையும்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். உங்கள் தங்கை மாடியில் நலம், நான் கீழே நலம். இரண்டு நலமும் ஓரிடத்தில் இல்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

நேற்று நான் கைபேசியில் கூப்பிட்டபோது, "எல்லாத்தையும் ஒண்ணுவிடாம எழுதி அனுப்புங்க மாப்பிள்ளை, மீட்டிங் முடிஞ்சதும் பாக்குறேன்" என்றீர்கள். நீங்கள் மனதில் வைத்தது நாலு வரி மெசேஜ் என்று தெரிகிறது. நடந்தது நாலு வரியில் அடங்காது. மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், எனக்கு மெதுவாகப் பேச வராது, நான் பேசுவது முழுக்க மாடிக்குக் கேட்கும். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

நம் கண்ணாடிக் கடை நீங்கள் பார்த்ததுதான். கீழே கவுன்ட்டர், கண் பரிசோதிக்கும் அறை, நான். மேலே பட்டறை, லென்ஸ் வெட்டும் மெஷின், அதற்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டர், அதற்கும் உத்தரவு போடும் உங்கள் தங்கை. வந்தவரின் பவரை நான் கீழே தட்டினால் அது வயர் வழியாக மேலே போகும். ஃப்ரேமைக் கூடையில் வைத்துக் கயிற்றை இழுத்தால் அது கப்பியில் ஏறி மேலே போகும். சந்தேகம் என்றால் போன். இந்த ஏற்பாட்டில் வேலை நாள் ஒன்றில்கூட நாங்கள் கடையை மூடியதில்லை. கதவில் தொங்கும் அட்டையின் ஒரு பக்கம் 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்', அது தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. மறுபக்கம் 'இன்று விடுமுறை', அது அச்சடித்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கிறது. பல் பிடுங்கிய அன்றுகூட வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு 'கீழ் வரிசையைப் படிங்க' என்று சொன்னவன் நான். அப்படிப்பட்ட கடைக்கு இன்று இந்த நிலைமை.

போன முறை நீங்கள் வந்து பழைய போன்களைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்டர்நெட் போன்களை வைத்து, படிக்குக் கீழே, எல்லா வயரும் வந்து சேரும் அந்த ஸ்விட்ச் பெட்டியை மாட்டினீர்கள். "ஒரே வயர்தான் மாப்பிள்ளை. சுவத்துலேருந்து போனுக்குள்ள போகும், போன்லேருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். போர்ட் ஒண்ணு, உள்ளுக்குள்ள பாதை ரெண்டு. பேச்சு ஒரு பாதையில, கம்ப்யூட்டர் வேலை இன்னொண்ணுல. ஒண்ணை ஒண்ணு இடிக்காது" என்று பொறுமையாகச் சொன்னீர்கள். கடைசியாக, "நீங்க இதுல கை வைக்காதீங்க" என்றும் சொன்னீர்கள். அதையும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் கடைக்குப் பொறுப்பானவன் நான் அல்லவா? போன வாரம் ஒரு நாள் மதியம், ஆள் வராத நேரத்தில், கம்ப்யூட்டரில் ஸ்விட்சின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வயர் சொருகும் ஓட்டைகளை, அதாவது போர்ட்டுகளை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாம் எண் உங்கள் தங்கையுடையது. அதில் எத்தனை பேருக்கு அனுமதி என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் நீங்கள் இரண்டு என்று போட்டிருந்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே இருப்பது உங்கள் தங்கை ஒருத்திதான். அந்த இரண்டாவது ஆள் யார்? வெளியிலிருந்து எவனாவது வயரைச் சொருகிக் கடையின் கணக்கையெல்லாம் உருவிக்கொண்டு போவதற்கு நாமே வழி விட்ட மாதிரி இருக்கிறதே என்று, இரண்டை ஒன்றாக்கிவிட்டேன். கீழே வாடிக்கையாளர்கள் வந்து போவதால் என் போர்ட்டை மட்டும் தொடவில்லை. நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவன் இல்லை, மச்சான்.

அந்தக் கட்டம் எண்ணுவது மனிதர்களை அல்ல, பொருள்களை என்பதும், போனை ஒன்று, கம்ப்யூட்டரை இரண்டு என்று அது எண்ணும் என்பதும், ஒன்று மிஞ்சினாலே போர்ட் தன்னைத்தானே மூடிக்கொள்ளும் என்பதும் நேற்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் மேலே 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு மெஷின் நின்ற சத்தம், பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பாதி வெட்டியிருந்த லென்ஸ் ஓரம் பெயர்ந்து போயிற்று. அது கணக்கு வாத்தியாருடைய லென்ஸ். அவரும் அதற்குள் வந்து கவுன்ட்டரில் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? "மேல கவனம் போதாது சார்" என்று சொன்னேன். மூன்றே வார்த்தை, அதுவும் மரியாதையாக.

உங்கள் தங்கை படியிறங்கி வந்தாள். கையில் அந்த உடைந்த லென்ஸ். வாத்தியார் போகிறவரை புது ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தெருவில் இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"கவனம் போதாதுன்னு யாரைச் சொன்னீங்க?"

"பொதுவாத்தான் சொன்னேன்."

"மாடியில பொதுவா நான் ஒருத்திதான் இருக்கேன். கைய வச்சது யாரு?"

"பாதுகாப்புக்காகத்தான்..."

"ஒரு வெளி ஆளுக்கு முன்னாடி என்னை விட்டுக் குடுத்துட்டீங்கல்ல? சரி. இனிமே இந்தப் படியேறி வர வேண்டாம். எதுவா இருந்தாலும் போன்ல சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். போனில் சொல்லுங்கள் என்றாள், சரி, அந்தப் போன்தானே செத்துக் கிடக்கிறது? அவள் கைபேசி வைத்துக்கொள்கிறவளும் இல்லை. வீட்டில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கடை விவகாரம் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம். நான் வாயைத் திறந்தாலே, "இது கடை விஷயமா, வீட்டு விஷயமா?" என்று கேட்கிறாள். கடை விஷயம் என்றால் எழுந்து துணி மடிக்கப் போய்விடுகிறாள். வீட்டு விஷயம் என்று பொய் சொல்ல எனக்கு வராது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, ஆனால் "சாப்பாடு வச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவர் இருக்கிற இடத்தில் நான் இருந்தால் தேவலையே என்று ஆகிவிட்டது மச்சான்.

சரி, நாமே சரி செய்துவிடுவோம் என்றுதான் அடுத்த காரியத்தில் இறங்கினேன். கண் பரிசோதிக்கும் அறையில் இருக்கும் போனில் இரண்டாவது ஓட்டை காலி. அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. சுவரிலும் ஒரு ஓட்டை காலி. இரண்டு காலியையும் ஒரு வயரால் இணைத்தால் மாடிக்குப் போகிற பாதைக்குக் கொஞ்சம் பலம் கூடுமே என்று இணைத்தேன். அவ்வளவுதான், ஸ்விட்சில் இருக்கிற அத்தனை விளக்கும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது! என் கம்ப்யூட்டர் போச்சு, போன் போச்சு, கார்டு தேய்க்கிற மெஷின் போச்சு. அனுப்பின பேச்சு சுற்றிச் சுற்றி அனுப்பின இடத்துக்கே திரும்பி வருது, நிக்க வழியில்லாம ஓடிக்கிட்டே இருக்குன்னு நீங்க பின்னாடி விளக்கம் சொன்னீங்க, நல்லது, அந்த நேரத்துல எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. அந்த வயரையும் பிடுங்கி, பெட்டியோட கரண்ட் பிளக்கையும் பிடுங்கி, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, திரும்ப மாட்டினேன்.

எல்லாம் வந்துவிட்டது. கீழே அனைத்தும் வேலை செய்கிறது. மேலே கம்ப்யூட்டரும் வேலை செய்கிறது, நான் தட்டுகிற பவருக்குச் சரியாக லென்ஸ் கூடையில் இறங்கி வருகிறது. ஏழாம் எண் விளக்கு பச்சையாக எரிகிறது. ஆனால் போனை அடித்தால் அந்த எண் இணைப்பில் இல்லை என்கிறது. கம்ப்யூட்டருக்குப் பாதை இருக்கிறதாம், பேச்சுக்கு மட்டும் பாதை இல்லையாம். ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களிடம் கேட்டால், "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, மேல போய் வயர் சரியா சொருகியிருக்கான்னு பாருங்க" என்றீர்கள். அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்கிறேன். படியேற வேண்டாம் என்று சொன்னவளுக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

நேற்று மாலை கணக்கு வாத்தியார் வந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். அவருக்குப் பரம திருப்தி. என்னைத் தாண்டிப் போனார். படிக்கட்டருகே போய் அண்ணாந்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம்!" என்று குரல் கொடுத்தார். மேலேயிருந்து, "பரவாயில்ல சார், லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று பதில் வந்தது. கடைக்குள் அவள் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! செய்த தப்பு என்னுடையது, மன்னிப்பு அவள் கேட்கிறாள், அதையும் எவனோ ஒருத்தன் வாங்கிக்கொண்டு போகிறான். அவருக்கு மீதிச் சில்லறை கொடுக்கவும் மறந்தேன்.

மச்சான், போன் மட்டும் உயிர் பெற்றால் நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். 'தப்பு என்னோடது, அவர் முன்னாடி உன்னைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.' அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியும் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆகவே எத்தனை மீட்டிங் இருந்தாலும் தள்ளிப் போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வந்து, ஏழாம் எண்ணில் பேச்சுக்கு உரிய பாதையைத் திறந்து கொடுக்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி ஆயுளுக்கும் அந்தப் பெட்டியில் கை வைக்க மாட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறைந்த மீட்டிங்குகளோடும் வாழ வேண்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறை ஒட்டும் பசை மாடியில் இருக்கிறது. ஆகையால் கடிதத்தை உறையில் போட்டு, மேலே 'ஒட்டவும்' என்று மட்டும் எழுதிக் கூடையில் ஏற்றுகிறேன். உங்கள் தங்கை பிறர் கடிதத்தைப் படிக்கிறவள் இல்லை.

அண்ணா, படிச்சிட்டேன். நீங்க வர வேண்டாம். போர்ட் நல்லாத்தான் இருக்கு. இவரு பண்ணினதை இவரு சேவே பண்ணலை, பிளக்கைப் பிடுங்கி மாட்டின நிமிஷமே எல்லாம் நீங்க வச்ச மாதிரி திரும்பிடுச்சு, போனும் வந்துடுச்சு. அந்தப் போனைக் கழட்டி டிராயர்ல வச்சிட்டு, வயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகினது நான்தான். போன் இருந்தா அதுலயே சொல்லி முடிச்சுடுவாரு. வர வேண்டாம்னு சொன்னா வராமயே இருந்துடுவாரா ஒரு மனுஷன்? தினமும் கீழ நாற்காலி நகர்ற சத்தம் கேட்டா, இப்போ ஏறி வருவாரு, இப்போ ஏறி வருவாருன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உறையை ஒட்டாமயே கீழ இறக்குறேன். பசை என் மேஜை மேலதான் இருக்கு.

மச்சான் அவர்களுக்கு, மீண்டும் நானே. கூடை இறங்கிவிட்டது. உறையை ஒட்டாமல் தபாலில் சேர்ப்பது முறையல்ல, எனவே பசைக்காக மேலே போகிறேன். கதவில் 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' அட்டையை வைத்துவிட்டுப் படி வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து அட்டையை மறுபக்கம் திருப்பிவிட்டேன்.