ஏவியேஷன்காரர் மகன்

"தன் வறுமையை இங்கிலீஷில் எழுதுகிறவன் ஒருநாளும் விஞ்ஞானி ஆக முடியாது" என்று பிரிட்டோ தாம்பரத்துக் கல்லூரி கேன்டீனில் அறிவித்தான்.

எதிரே ஜென்சி லேப்டாப்பில் பிஎச்.டி. விண்ணப்பக் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பம்மலில் இட்லிக் கடை போட்ட பத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"இட்லி சுட்டது அம்மா. டாக்டர் பட்டம் உனக்கா? அநியாயம் ஜென்சி."

"உனக்கென்னப்பா, அப்பா ஏவியேஷன். பேசுவே."

பிரிட்டோ அடக்கமாகச் சிரித்தான்.

அவன் அப்பா சவுரிமுத்து, மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் விமானங்களில் ஏறிக் கழிவறை கழுவுகிறவர். எம்.எஸ்சி. சேர்ந்த அன்று பேராசிரியர் வேதசிரோமணி, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். "ஏவியேஷன்ல சார்..." என்றான். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் அவன் ஊர்; அந்த ஊர்க்காரர்களுக்கு, தலைக்கு மேல் விமானம் போனால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் உண்டு. பிரிட்டோ அன்று விமானம் இல்லாமலேயே நிறுத்திக்கொண்டான். "பைலட்டா!" என்று மீதியை அவரே முடித்துவிட்டார்.

கேன்டீனில் பேசிய அன்று சாயங்காலம், அவன் படுக்கையில்கூட எதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பானோ, அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. கல்லூரி வாசலே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் பிஎச்.டி. சேரத் தனித் திட்டம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும். 'வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி' என்று ஒரு பேராசிரியரின் கடிதமும் வேண்டும். நாளை மறுநாள் கடைசி. கட்டணம் கட்டி விண்ணப்பிக்க அவன் வீட்டில் வழியில்லை. இது போனால் அமெரிக்கா போச்சு.

மறுநாள் காலை அவன் கடிதம் கேட்டதும் வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"பைலட் வீட்டுப் பிள்ளை இதுக்குக் கை நீட்டலாமா தம்பி? கஷ்டப்படுற பசங்களுக்கு உள்ளதுப்பா இது."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு சார்."

"ஐயோ, ஆண்டவரே!"

ரகசியமாகச் சொன்ன சங்கதிக்கு அவர் கதவைச் சாத்தவில்லை, திறந்தார். ஐந்தே நிமிடத்தில் டிபார்ட்மென்ட் முழுவதும் லேபில் வட்டமாக நின்று கண்ணை மூடியது.

"ஆகாயத்தில் பறந்த உமது அடியானைத் தரையில் விட்டுவிடாதேயும் ஆண்டவரே!" என்று வேதசிரோமணி உருகினார். ஜென்சி அழுதாள். பிரிட்டோவும் அழுதான், காரணம் வேறு.

ஆமென் சொல்லிக் கண் திறந்ததும் நிலைமை இன்னும் கெட்டது.

"என் மச்சான் ஏர்லைன்ஸ்ல பெரிய போஸ்ட்டுப்பா. அப்பாவோட லைசென்ஸ் நம்பர் குடு, இப்பவே பேசுறேன்."

"வீட்ல கேட்டுட்டு வரேன் சார்" என்று போனவன் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துவிட்டு மத்தியானம் திரும்பினான்.

"சார், அப்பாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"அல்லேலூயா!"

வட்டம் மறுபடி கூடியது. இந்த முறை அவனையே சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னான். கைதட்டினார்கள்.

"அப்போ அந்த லெட்டர் வேணாமே?" என்றார் வேதசிரோமணி, ஆனந்தக் கண்ணீரைத் துடைத்தபடி.

பிரிட்டோ தரையைப் பார்த்தான். தரை பிளக்கும் உத்தேசத்தில் இல்லை.

"சார், அப்பா பைலட் இல்ல. பிளேன்ல பாத்ரூம் கழுவுறார். எட்டாவதுதான் படிச்சிருக்கார். வேலையும் போகல."

வட்டம் இன்னும் கலைந்திருக்கவில்லை. யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள்.

வேதசிரோமணி மெதுவாகக் கண்ணாடியை மாட்டினார். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, இப்ப ஒண்ணு. உன் பேச்சை நம்பி எப்படிப்பா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் வாயால சொல்லட்டும்."

வாசலில் ஜென்சி அவன் தோளைத் தொட்டு, "கட்டுரைக்கு ஹெல்ப் வேணும்னா கேளுடா" என்றாள். கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பான்.

வீட்டில் அம்மா எதிரே இதைச் சொல்லும் தைரியமில்லை. நேரே மீனம்பாக்கம் போனான். விமான நிலையத்துக்குள் பணியாளர்கள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், பின்வாசலில் ஷிஃப்ட் முடியக் காத்திருந்தான். அந்த வாசலுக்கு அவன் வருவது அதுவே முதல் தடவை.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். தெரிந்தவர் யாருமில்லை. போனை எடுத்து, 'என் அப்பா விமானம் கழுவுகிறார்' என்று இங்கிலீஷில் சத்தமில்லாமல் தட்டத் தொடங்கினான். இரண்டாவது பத்தியில் வெடித்துப்போன அவர் உள்ளங்கை வந்தது. மூன்றாவதில் ஒழுகும் கூரை வந்தது. ஜென்சியின் இட்லியில்கூட அத்தனை ஆவி பறக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து நீலச் சட்டைப் பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவள் நின்று உற்றுப் பார்த்தாள்.

"நீ சவுரி அண்ணன் மவன்தானே? போட்டோல பாத்துகீறேன்."

"ஆமாக்கா. அப்பா வந்துட்டாரா?"

"பின்னாடி வந்துகினு கீறாரு" என்றவள் திரும்பிக் கூவினாள். "ஏய் செல்லம்மா, எல்லாரும் ஓடியாங்கடி! ரெண்டு வருசமா அமெரிக்காவுல டாக்டருக்குப் படிச்சிகினு கீறான்னு அண்ணன் சொல்லுவாரே, அந்தப் புள்ள ஊருக்கு வந்துகீது!"