குரோமாக்கும் நாற்பத்திரண்டு உருளைக்கிழங்கு விவசாயிகளும்

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்க்கும்போதே டுவேன் தீர்மானித்துவிட்டான். இன்றைக்கு மனைவியைக் கொன்றுவிடுவது.

பதற வேண்டாம். ஆர்லிஸ் இருக்கும் அறையில் உரக்க இருமக்கூட அவனுக்குத் தைரியம் கிடையாது. அவன் கொல்ல நினைத்தது, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தில் அவள் வேஷம் கட்டும் மந்திரக்காரியை.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் குளிர்காலம் சுலபத்தில் போகாது. அது போகும்வரை டுவேன் வீட்டு நிலவறையில் பகடை உருளும். ஆட்டத்தலைவன் டுவேன். கதை அவனுடையது, அரக்கர்கள் அவனுடையவர்கள், குரோமாக் என்கிற டிராகன் அவன் செல்லப்பிள்ளை. எதிர்த்து ஆடுகிறவர்கள் ஆர்லிஸும் பக்கத்து வீட்டு வெர்லினும். வெர்லின் சீஸ் தின்ன வருகிறவன், அவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கல்யாணமான பதினான்கு வருடமாக ஆர்லிஸ் அந்த நிலவறையைக் கேட்கிறாள். அவளுடைய தையல் மெஷின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது. “குரோமாக் செத்த அன்னிக்கு நிலவறை உனக்கு” என்று ஒருநாள் இந்த மகாப்பிரபு வாக்குக் கொடுத்தான். குரோமாக்குக்கு உயிர் அறுநூறு புள்ளி. சாகவா போகிறது? ஆனால் அவள் எலி மாதிரி சுரண்டிச் சுரண்டி அதை இருநூற்றுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மந்திரக்காரி ஒழிந்தால் அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் பத்து வருடம் நிம்மதி.

ஆகவே சமையலறையில் ஒரு வீட்டுச் சட்டம் பிறந்தது.

“இன்னிக்கிலேர்ந்து இருபது முகப் பகடையில இருபது விழுந்தா மரண அடி. உயிர் எத்தனை மிச்சம்னு கணக்கே கிடையாது. அடி வாங்கினவன் செத்தான்.”

“இதுவரைக்கும் இருபதுக்கு ரெட்டை அடிதானே?”

“அது குழந்தைங்க ஆட்டம்.”

“உன் டிராகன் ஒரு தடவைக்கு மூணு பகடை உருட்டும். நான் ஒண்ணுதான்.”

“அதுக்கு ரெண்டு நகம், ஒரு வாய். உனக்கு வாய் மட்டும்தானே!” சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“சரி. யார் இருபது போட்டாலும் இதே சட்டமா?”

“ராஜா போட்டாலும் சரி, மாடு மேய்க்கிறவன் போட்டாலும் சரி. சட்டம்னா எல்லாருக்கும் பொது.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.”

தேதி போட்டே எழுதிக் கொடுத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவனுக்குக் கையெழுத்து எப்போதும் அழகாகத்தான் வரும். ஆர்லிஸ் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

மதியம் ஆட்டம். குரோமாக் முதலில் பாய்ந்தது. நான்கு. பதினொன்று. பத்தொன்பது! மந்திரக்காரிக்குக் காயம்தான், சாகவில்லை.

“என் முறை” என்றாள் ஆர்லிஸ். “நான் அடிக்கல. என் ஆளுங்க அடிப்பாங்க.”

“எந்த ஆளுங்க?”

“போன மாசம் கிராமத்துல சேர்த்தேனே, உருளைக்கிழங்கு விவசாயிங்க, நாப்பத்திரண்டு பேர். நீதான் சிரிச்சுக்கிட்டே சரின்னே. ஆளுக்கு ஒரு கவண்.”

“அந்தக் கல்லு பட்டா குரோமாக்குக்குக் கிச்சுகிச்சு மூட்டின மாதிரி இருக்கும்!”

“இருக்கட்டும். உருட்டிப் பார்க்கிறேன்.”

மேஜைக்கடியிலிருந்து ஐஸ்கிரீம் வாளி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். கடகடவென்று கொட்டின, நாற்பத்திரண்டு இருபது முகப் பகடைகள். எல்லாம் டுவேன் கொடுத்த பரிசுகள். தனக்குப் பிடித்ததை மனைவிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிற ரகம் அவன். பிறந்தநாளுக்குப் பகடை, கல்யாண நாளுக்குப் பகடை, கிறிஸ்துமஸுக்கும் பகடை. பதினான்கு வருடத்தில் ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுத்திருப்பானா?

வெர்லின் சீஸ் கையோடு எண்ணினான். “இங்க ஒரு இருபது. அங்க ஒண்ணு. டுவேன், உன் பீர் பாட்டில் பக்கத்துல இன்னொண்ணு.”

“குரோமாக்கை... ஒரு விவசாயியா?” டுவேன் பாட்டிலை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

“மூணு விவசாயி” என்றான் வெர்லின்.

“சட்டத்தை மாத்துறேன்!”

“மேல ஃப்ரிட்ஜ்ல இருக்கு” என்றாள் ஆர்லிஸ். “போய்ப் படிச்சுட்டு வா. வரும்போது தையல் மெஷினைத் தூக்கிட்டு வந்துடு.”

சாயங்காலத்துக்குள் ஆட்ட மேஜை கார் கொட்டகைக்குப் போனது. அங்கே பீர்கூட உறைந்துபோகும். கம்பளித் தொப்பியோடு தனியாக உட்கார்ந்திருந்த டுவேனை ஆர்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் நம்ம கல்யாண நாள். இந்தத் தடவையும் பகடையே வாங்கு, டுவேன். ரொம்ப உபயோகமா இருக்கு.”