குமிழ் நீக்கிய கேக்

கீரிப்பாறை,
வியாழன் காலை.

கர்த்தருடைய கிருபையால் நாகர்கோவில் வடசேரியில் நலமாயிருக்கும் என் அன்புக் கொழுந்தியாள் பிரீனாவுக்கு, அத்தான் ராஜையன் எழுதிக்கொள்வது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அடுக்களைதான் சுகமில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அக்கா நேசம்மாள், மகள் ஜினிஷாவின் பிரசவத்துக்குக் குவைத் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் நான் இங்கே போனில் உன்னிடம் தும்மினால், அங்கேயிருந்து அவள் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறாள். அதனால்தான் இதைப் பத்தேகால் பஸ்ஸில் கண்டக்டர் முத்துநாயகத்திடம் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு பொட்டலமும் வரும். கடிதத்தைப் படித்த பிறகு பொட்டலத்தைப் பிரி.

விஷயம் போன கிறிஸ்மஸில் ஆரம்பித்தது. நீ காய்ச்சலில் வராமல் போன வருடம். கேரல் பாட வந்தவர்களும் சபைப் போதகர் ஐயரும் முன்னறையில் இருக்க, உன் அக்கா கேக்கை வெட்டி வைத்தாள். முப்பத்தொரு வருடம் கீரிப்பாறை ரப்பர் பாக்டரியில் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பார்த்த கண்ணல்லவா, சும்மா இருக்குமா? ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "ஓட்டை ஓட்டையா இருக்கு. நாலாம் தரம்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், ஐயரும் சிரித்தார். உன் அக்கா சிரிக்கவில்லை. "அப்படியானா அடுத்த தடவை நீங்களே சுடுங்கோ" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு விமானம் ஏறும்வரை காரியப் பேச்சு மட்டும். குவைத்திலிருந்தும் மாத்திரை, கறன்ட் பில், கோழித் தீனி, இவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடத்தில் எங்கள் சண்டை ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டியதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, பிரீனா. சனிக்கிழமை அவள் வந்து இறங்கும்போது மேசைமேல் நானே சுட்ட கேக் இருக்க வேண்டும். அப்போதாவது முகம் கொடுத்துப் பேசுவாள்.

அடுக்களை மேசை டிராயரில் அவள் கையெழுத்தில் குறிப்புத்தாள் கிடைத்தது. எத்தனையோ வருடமாகக் கேக் சுடுகிறவளின் தாளில் ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லையே என்று கொஞ்சம் யோசித்தேன். புதிதாகப் பார்த்து எழுதியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். மைதா, சர்க்கரை, முட்டை, பால், சமையல் சோடா என்று போய்க் கடைசியில் வினிகர் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பாலில் ஆசிட் ஊற்றுவது நம்ம வேலையல்லவா? ரப்பர் பாலைச் சல்லடையில் அரித்து, ஆசிட் கலந்து, மேலே வரும் நுரையைத் தகட்டால் சுத்தமாக வழித்து, மறுநாள்வரை அசையாமல் உறைய விட வேண்டும். ஒரு குமிழ் மாட்டினாலும் ஷீட்டின் தரம் இறங்கிவிடும். இங்கேயும் வினிகர் விழுந்ததுதான் தாமதம், மாவு நுரைத்துப் பொங்கியது. என் கை தானாகத் தகட்டைத் தேடியது. தகடு இல்லாததால் தோசைக் கரண்டியை வைத்து, பாத்திரத்தைத் தட்டித் தட்டி, ஒரு குமிழ்கூட இல்லாமல் அரைமணி நேரம் வழித்தெடுத்தேன். மறுநாள் காலைவரை உறைய விட்டு, பிறகு மருமகன் எபிசன் வாங்கிக் கொடுத்த கறன்ட் அவன் அடுப்பில் வைத்தேன். வெளியே வந்ததைச் சுருட்டலாம், விட்டால் நிமிரும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பூங்கனி வந்தாள். எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டிப் பென்ஷன் வாங்கினவள், அவளிடம் ஷீட்டைப் பற்றி யாரும் பொய் சொல்ல முடியாது. வளைத்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல ஷீட்டு சாரே. கடையில போட்டா ஒண்ணாந்தரத்துல எடுப்பான்."

"இது கேக்கு, பூங்கனி."

ஒரு மூலையைக் கடித்து, கொஞ்ச நேரம் மென்று, வாயிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்தாள். "எனக்குப் பல்லு ஏழெண்ணந்தான் மிச்சம் சாரே, தப்பா நினைக்காதீங்கோ" என்றாள்.

ஆசிட் போதவில்லை என்று எனக்குப் பட்டது. இரண்டாவதற்கு வினிகரை இரட்டித்தேன், வீடு முழுக்க ஊறுகாய் மணந்தது. சூடும் கூடிவிட்டதோ என்று, ஷீட் உலர்த்தும் புகைப்புரைக் கணக்கில் அவன் சூட்டைக் குறைத்து ஐந்து மணி நேரம் வைத்தேன். தட்டினால் சத்தம் கேட்கிறது. பின்வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இப்போது அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது நேற்று. வினிகரை ஊற்றினேன், நுரை பொங்கியது, கரண்டியை எடுத்தேன், போன் அடித்தது. உன் அக்கா. "பிரஷர் மாத்திரை போட்டியளா?" கரண்டிச் சத்தம் கேட்டுவிடுமோ என்ற பதற்றத்தில் நுரையோடு பாத்திரத்தை அப்படியே சூடான அவன் அடுப்புக்குள் தள்ளிவிட்டேன். மாத்திரை, கோழி, மழை எல்லாம் பேசி முடித்து, முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், கேக் எழும்பி நிற்கிறது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் வெடிப்பு, ஆனாலும் கேக். வெட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஓட்டை ஓட்டையாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு உன் அக்கா தந்த துண்டில் இருந்த அதே ஓட்டை. ஷீட்டில் குமிழ் இருந்தால் கெட்டது, கேக்கில் இல்லாவிட்டால்தான் கெட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரியாக வந்த கேக்கைத்தான் நான் ஐயர் முன்னால் நாலாம் தரம் என்று சொல்லியிருக்கிறேன்.

வருடாவருடம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவோடு சிரித்துச் சிரித்துக் கேக் சுடுகிறவள் நீ. அதனால் உன்னைத்தான் கேட்க வேண்டும். மேடு பள்ளம் எதனால் வருகிறது? வெனிலா வாசனை அவ்வளவு இனிப்பாக இருக்க, நாக்கில் வைத்தால் ஏன் கசக்கிறது? முட்டைத் தோடு உள்ளே விழுந்தால் எப்படி எடுப்பது? முக்கியமாக ஒன்று. நீ வந்த வருடங்களில் ஓட்டை கண்ணுக்கே தெரியாது, எல்லாம் ஒன்றாம் தரம். நீ வராத வருடம் மட்டும் ஏன் பெரிதாக இருந்தது? பொட்டலத்தில் மூன்றாவது கேக்கின் ஒரு துண்டு இருக்கிறது. சாப்பிட்டுப் பார்த்து, இதைக் கொடுத்தால் உன் அக்கா பேசுவாளா என்று உண்மையை எழுது. அவளுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது.

உன் வீட்டில் சமாதானமும், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும், உன் அடுப்புக்கு என்றைக்கும் குறைவில்லாத கிருபையும் கிடைக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
ராஜையன்.

பின்குறிப்பு: இதை முத்துநாயகத்திடம் நீட்டப் போன நேரம் அதே பஸ்ஸிலிருந்து உன் அக்கா இறங்கினாள். டிக்கெட் மாறி முந்தாநாளே வந்து, பெட்டிகளை உன் வீட்டில் போட்டு, அங்கேயேதான் தங்கியிருக்கிறாள். நேற்று வந்த மாத்திரை போனும் வடசேரியிலிருந்துதான் என்று இப்போது தெரிகிறது. நீ நல்ல பிள்ளை.

கடிதத்தைப் பிடுங்கி ஸ்டாப்பிலேயே நின்று கடைசிவரை படித்தாள். பொட்டலத்தைப் பிரித்து, துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு சொன்னாள்: "முப்பத்திரண்டு வருஷம் நீங்க ஒண்ணாந்தரம் போட்டதெல்லாம் வடசேரி பேக்கரி கேக்காக்கும். பிரீனா பாத்திரத்துல கொண்டு வருவா. அவளுக்கு ஒரு முட்டை உடைக்கத் தெரியாது. அவ வராததினால நான் முதல்முதலா எங் கையால சுட்டது அது ஒண்ணுதான்."

அவள் துண்டை முழுக்கத் தின்றாள். "நாலாந்தரந்தான்" என்றாள். "வீட்டுல இன்னும் இருக்கா?"

ஆகவே மேலே கேட்ட கேள்விகளுக்கு நீ பதில் எழுத வேண்டாம், உனக்கும் தெரியாது. நாளைக்கு நாலாவது கேக் சுடுகிறோம். அவள் கலக்குவாள், நான் நுரையில் கை வைக்க மாட்டேன். வரும் கிறிஸ்மஸுக்கு நீ பாத்திரம் தூக்கிக்கொண்டு வராதே. வெறுங்கையோடு வா.